முந்நூறும் நானூறும்

சார்லி லாவ் எழுதிய ‘தி ஆர்ட் ஆஃப் ஹிட்டிங் .300’ 1980இல் வெளிவந்தது. டெட் வில்லியம்ஸின் ‘தி சயன்ஸ் ஆஃப் ஹிட்டிங்’ அதற்கு ஒன்பது ஆண்டுகள் மூத்தது. இரண்டுமே பேஸ்பாலில் பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லித்தரும் புத்தகங்கள். ஒன்று தன்னைக் கலை என்கிறது, இன்னொன்று அறிவியல் என்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது, அச்சகத்தில் யாரோ அட்டைகளை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. வில்லியம்ஸ் எழுதியது ஒரு மேதை தன் கைகளைத் தானே வியந்து பார்த்துக்கொள்ளும் நூல். லாவ் எழுதியது, தனக்கு வராத ஒன்றை வெளியே நின்று வருடக்கணக்காக உற்றுப் பார்த்தவரின் குறிப்பேடு. வாசிக்கச் சுகமானது முதலாவதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு எழுதத் தோன்றுவது இரண்டாவதைப் பற்றி.

‘பேஸ்பாலுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்’ என்று நகரப்போகிறவர்களை ஒரு பத்தி மட்டும் நிறுத்திவைக்கிறேன். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தூரமில்லை. பிட்சர் அறுபது அடி ஆறு அங்குலத் தொலைவிலிருந்து எறிகிறார். மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடியில் வந்துவிடும். மட்டை தட்டையானது அல்ல, உருண்டை. உருண்டையான பந்தை உருண்டையான கட்டையால், நடுவில், நேராக அடிக்க வேண்டும். தரையில் குத்தியெழும் பந்து கிடையாது. தடுத்து ஆடி நேரத்தைக் கடத்தும் சௌகரியமும் கிடையாது. அதனால்தான் பத்து முறையில் மூன்று முறை அடித்துவிட்டால் நல்ல ஆட்டக்காரர் என்கிறார்கள். அதுதான் 0.300. ஏழு முறை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பியவர் நட்சத்திரம்! பத்துக்கு நான்கு என்பது ஏறக்குறையப் புராணம். அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களில் ஒரு முழுப் பருவத்துக்கு அதைக் கடைசியாகச் செய்தவர் டெட் வில்லியம்ஸ், 1941இல், 0.406.

ஆக வில்லியம்ஸ் 0.406இலிருந்து பேசுகிறார். லாவ் 0.300க்கு வழி சொல்கிறார். லாவ் தன் ஆட்ட வாழ்க்கையில் எடுத்ததோ 0.255.

இந்த 0.255தான் லாவின் புத்தகத்தைப் புரிந்துகொள்ளச் சாவி என்று நினைக்கிறேன். 1956இலிருந்து 1967 வரை டெட்ராய்ட், மில்வாக்கி, பால்டிமோர், கன்சாஸ் சிட்டி, அட்லாண்டா என்று மாறி மாறி ஆடிய மாற்று கேட்சர் அவர். கேட்சர் என்றால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் ஆட்டம் முழுக்கக் குந்தியே இருக்க வேண்டும். மொத்தம் 16 ஹோம் ரன். 1961இல் வாரன் ஸ்பான் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தபோது பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவர் லாவ். பேஸ்பால் வரலாறு அவரை அப்படித்தான் ஞாபகம் வைத்திருந்திருக்கும், இன்னொருவரின் சாதனைப் படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவராக. ஆனால் கேட்சருக்கு வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு கோணம் கிடைக்கிறது. எதிரணியின் ஒவ்வொரு பேட்டரையும், அவர் பாதத்தை, இடுப்பை, மட்டை கிளம்பும் கணத்தை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் கீழிருந்து பார்க்கிறார். இப்படிப் பத்துப் பதினோரு வருடம். 1962இல் லாவ் தன் நிற்கும் முறையையே மாற்றிக்கொண்டு 0.294 எடுத்தார், ஓர் ஆட்டத்தில் நான்கு டபுள் அடித்துச் சாதனையைச் சமன்செய்தார். அந்த ஒரு வருடம் போதும், தன்னைத் தானே பரிசோதனை எலியாக்கிப் பார்த்த ஆளுக்கு. இயல்பாக வந்தவனுக்கு இந்தத் தேவையே வந்திருக்காது.

1969இல் பால்டிமோரில் கோச். பிறகு ஓக்லண்ட். 1971இல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். ஹிட்டிங் கோச் என்பது ஒரு தனித்த, மதிப்பான பதவியாக இன்னும் நிலைபெறாத காலம் அது. பல அணிகளில் யாரோ ஒரு பழைய ஆட்டக்காரர் மட்டைவலைக்குப் பக்கத்தில் நின்று முதுகில் தட்டிக்கொடுப்பார், அவ்வளவுதான். இன்று ஒவ்வோர் அணியிலும் இரண்டு மூன்று பேர் இதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்கள். அந்த வேலைக்கு ஒரு முகமும் பெயரும் கிடைத்தது பெரும்பாலும் லாவால்தான்.

1974இல் இருபத்தொரு வயது ஜார்ஜ் பிரெட் அவரிடம் வந்து சேர்கிறார். பருவத்தின் பாதியில் பையனின் ஆவரேஜ் 0.200ஐ ஒட்டித் தள்ளாடிக்கொண்டிருந்தது. சிறு வயதிலிருந்தே கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியைப் பார்த்து, மட்டையை உயரத் தூக்கிப் பிடித்து நிற்கிறவர் பிரெட். யஸ்ட்ரெம்ஸ்கி யார்? டெட் வில்லியம்ஸ் ஓய்வுபெற்ற பிறகு பாஸ்டனில் அவர் நின்ற அதே இடத்துக்கு வந்தவர். அப்படிப் பார்த்தால் பிரெட் வில்லியம்ஸ் குடும்பத்துப் பிள்ளை. லாவ் அந்தப் பிள்ளையைத் தத்தெடுத்து எல்லாவற்றையும் மாற்றினார். மட்டையைத் தோளோடு தாழ்த்திப் படுக்கவைத்தார். எடையைப் பின்காலில் வாங்கி, பந்து வரும்போது முன்காலுக்குக் கடத்தச் சொன்னார். எல்லாப் பந்தையும் ஒரே பக்கம் இழுக்காமல், வந்த திசைக்கேற்ப மைதானம் முழுக்க அடிக்கச் சொன்னார். அந்தப் பருவம் 0.282இல் முடிந்தது. அடுத்த வருடம் 0.308. அதற்கடுத்து 0.333, லீக்கிலேயே முதலிடம். தன்னை ஆட்டக்காரனாக்கியவர் லாவ்தான் என்று பிரெட் பிற்பாடு சொல்லாத இடமில்லை.

1974இன் முடிவில் மேனேஜர் ஜாக் மக்கியன் லாவை வேலையை விட்டு அனுப்பினார் என்பது இதில் வேடிக்கை. ஆட்டக்காரர்களுக்கு ஒரே கோபம். 1975 நடுவில் மக்கியனே போனார். வைட்டி ஹெர்சாக் வந்தார், லாவும் திரும்பி வந்தார். கோச் வேலையின் லட்சணம் இது. அணி தோற்றால் முதலில் போகிறவர், ஜெயித்தால் படத்தில் இல்லாதவர்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். லாவ் அதில் மாறாத விதிகள் என்று சிலவற்றை வைக்கிறார். சமநிலையோடு நிற்பது, நிற்கும்போதே உடம்பில் ஒரு தாளம் இருப்பது, எடையைப் பின்னிருந்து முன்னுக்கு நகர்த்துவது, முன்பாதம் தரையைத் தொடும்போது மட்டை கிளம்பத் தயாராக இருப்பது, தலை தாழ்ந்தபடியே இருப்பது, இறுக்கமில்லாமல் வீசுவது. இவை எங்கிருந்து வந்தன என்பதுதான் முக்கியம். நல்ல பேட்டர்கள் தாங்கள் என்ன செய்வதாகச் சொன்னார்களோ அதை லாவ் எடுத்துக்கொள்ளவில்லை. படச்சுருளையும் வீடியோவையும் மெதுவாக ஓட்டி, அவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்று பார்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் இது சாதாரண விஷயமில்லை. செய்பவனின் வாக்குமூலத்தை நம்பாதே, செயலைப் பார் என்பது ஒரு விமர்சகனின் நிலைப்பாடு. கவிஞர்கள் தங்கள் கவிதையைப் பற்றிச் சொல்வதை வைத்து யாராவது கவிதையைப் படிப்பார்களா? (படிக்கிறார்கள், அது வேறு கதை.)

வில்லியம்ஸின் புத்தகத்தில் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒரு படம். ஸ்ட்ரைக் பகுதியை 77 பந்துகளால் நிரப்பி, எந்த இடத்துப் பந்தை அடித்தால் தனக்கு எவ்வளவு ஆவரேஜ் வரும் என்று ஒவ்வொரு பந்தின் மேலும் எழுதியிருப்பார். நடுவில் 0.400, கீழே வெளிமூலையில் 0.230. அழகான படம், பேஸ்பால் புத்தகங்களிலேயே மிக அழகான ஒன்று. ஆனால் அந்த எண்கள் வில்லியம்ஸின் கண்ணுக்கானவை. 77 கட்டங்களையும் அரை நொடிக்குள் பிரித்தறியும் கண் இல்லாதவன் அதை வைத்து என்ன செய்வான்? அடிக்கத்தக்க பந்துக்குக் காத்திரு என்பது அவருடைய முதல் அறிவுரை. நல்ல வார்த்தையாகத் தேடி எழுது என்பது மாதிரி. சரிதான், தேடுகிறோம்.

லாவ் இங்கேதான் ஜெயிக்கிறார். காலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்கிறார். பதினான்கு வயதுப் பையன் தெருவில் நின்று செய்துபார்க்க முடிகிற காரியத்தைச் சொல்கிறார். நடை சுவாரஸ்யமில்லாததுதான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆல்ஃபிரட் கிளாஸ்பிரென்னர் என்பவர் உடனிருந்து எழுதியது. சில இடங்களில் மிக்ஸி வாங்கும்போது கூடவே வரும் கையேடு போல இருக்கிறது. வில்லியம்ஸின் பக்கங்களில் கேட்கும் அந்த உரத்த, சண்டைக்கார, சிரிக்கவைக்கும் குரல் இதில் இல்லை. நக்கிள்பால் என்னும் கோணல்மாணல் பந்தை அடிக்க இரண்டு கோட்பாடுகள் உண்டு, இரண்டுமே வேலைக்காகாது என்று கிண்டலடித்தவராக அறியப்படுபவர் லாவ். அந்த ஆள் புத்தகத்துக்குள் எங்கே போனார் என்று தேட வேண்டியிருக்கிறது.

என் உண்மையான வழக்கு நடை பற்றியதல்ல, ஆதாரம் பற்றியது. இந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு லாவ் தரப்பில் எப்போதும் காட்டப்படுவது அவருடைய மாணவர்களின் ஆவரேஜ். 1976 பருவத்தின் கடைசி நாளை எடுத்துக்கொள்வோம். லீக்கில் முதலிடத்துக்குப் போட்டி, ஒரே அணியில் ஆடும் இரண்டு பேருக்கிடையே: ஜார்ஜ் பிரெட், ஹால் மக்ரே. இருவருமே லாவின் மாணவர்கள். பிரெட்டின் கடைசி முறையில் பந்து உயரமாக, சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய விதத்தில், இடப்பக்கம் போகிறது. மினசோட்டா அணியின் ஸ்டீவ் பிரை தாமதமாக ஓடிவருகிறார், பந்து அவருக்கு முன்னால் விழுந்து தலைக்கு மேல் எம்பிப் பின்னால் ஓடிவிடுகிறது. பிரெட் சுற்றிவந்து ஹோம் ரன். அடுத்து வந்த மக்ரே அவுட். 0.333, 0.332. வெள்ளையரான பிரெட் ஜெயிக்கட்டும் என்று பந்தை வேண்டுமென்றே விட்டார்கள் என்று கறுப்பரான மக்ரே அன்றே வெளிப்படையாகக் குமுறினார். பிரெட்டுக்கும் அந்தப் பட்டம் அன்று இனிக்கவில்லை. யார் மனதில் என்ன இருந்ததோ, ஒரு ஃபீல்டரின் நான்கு தப்படித் தாமதம் பட்டத்தைத் தீர்மானித்தது. அந்த எண்ணை எடுத்து ஒரு கோட்பாட்டின் கீழ் கையெழுத்தாகப் போட முடியுமா? லாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலிடமும் இரண்டாமிடமும் அவருடைய பையன்களுக்கே என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் அந்தப் பந்து எம்பியதைப் பார்க்கிறேன்.

அது ஏன் அப்படி எம்பியது? கீழே இருந்தது புல் இல்லை, செயற்கை விரிப்பு. ராயல்ஸ் ஸ்டேடியம் 1973இல் திறக்கப்பட்டபோது தரை முழுக்க அதுதான். 1995இல்தான் இயற்கைப் புல்லுக்கு மாறினார்கள். வேலை நிமித்தம் இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தேன், வலப்பக்கமாக நீரூற்றுகள் பொங்கும் அழகான மைதானம் அது, பார்க்கும்போதே எவ்வளவு விரிந்தது என்று தெரியும். வேலிக்கு மேல் பந்தைத் தூக்கி அனுப்புவது அங்கே சிரமம். ஆனால் செயற்கை விரிப்பில் தாழ்வாக, கடினமாக, இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே அடித்தால் பந்து வழுக்கிக்கொண்டு சுவர்வரை ஓடும். டபுளாகும், கால் வேகம் இருந்தால் ட்ரிபிளாகும். 1979இல் பிரெட் மட்டும் 20 ட்ரிபிள் அடித்தார். தாழ்வாக அடி, மைதானம் முழுக்கப் பரப்பி அடி என்ற லாவின் பாடம் அந்தத் தரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் அதை எல்லா ஊருக்கும் எல்லா உடம்புக்கும் ஆனதாக எழுதினார். புத்தகத்தின் ஆகப்பெரிய குறை என்று நான் கருதுவது இதைத்தான். ஓர் ஊரின் மண்ணிலிருந்து முளைத்த இலக்கணத்தை உலகப்பொது இலக்கணமாக அறிவித்துவிட்டார்.

இதற்கு எதிராக ஒரு பெரிய சாட்சி உண்டு, மறைப்பதற்கில்லை. லாவ் 1979இல் நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். அங்கே இயற்கைப் புல். அணியில் ரெஜி ஜாக்சன், வாழ்நாள் ஆவரேஜ் 0.262, பந்தை வானத்துக்கு அனுப்புவது அல்லது சுத்தமாகத் தவறவிடுவது, இரண்டில் ஒன்றைச் செய்கிறவர். 1980இல் அவர் சரியாக 0.300 எடுத்தார், கூடவே 41 ஹோம் ரன். இருபத்தொரு பருவங்களில் அவர் முந்நூறைத் தொட்டது அந்த ஒரு முறைதான். லாவின் புத்தகம் கடைகளில் இருந்த அதே வருடம், புத்தகத் தலைப்பில் இருக்கிற அதே எண். ஆனால் இதற்கும் லாவ்தான் காரணம் என்று நான் எழுதினால், மேலே எதை ஆதாரமாகாது என்றேனோ அதையே இங்கே பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறேன் என்றாகும்.

வில்லியம்ஸுக்கு லாவின் முறை பிடிக்கவே இல்லை. லாவைப் பின்பற்றி பாஸ்டனில் கற்றுத்தந்த வால்ட் ரினியாக்கையும் பிடிக்கவில்லை. தன் சொந்த அணியில் போய் எதிரி மதத்தைப் பரப்புகிறான் என்பதுபோல் எரிச்சல். வில்லியம்ஸின் வாதம் எளிமையானது, எனக்கு மறுக்க முடியாததும்கூட. பிட்சர் மேட்டின் மேல் நின்று எறிவதால் பந்து கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. அதனால் மட்டை லேசாக மேல்நோக்கிப் போனால்தான் இரண்டும் ஒரே பாதையில் நீண்ட நேரம் இருக்கும். பலம் இடுப்புச் சுழற்சியிலிருந்து வருகிறது, முன்காலுக்குச் சாய்வதிலிருந்து அல்ல. 2015க்குப் பிறகு ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் கோணத்தையும் கருவிகள் அளக்க ஆரம்பித்ததும் அணிகள் எல்லாம் வில்லியம்ஸ் பக்கம் சாய்ந்தன. 2019இல் மேஜர் லீக்கில் 6,776 ஹோம் ரன், அதுவரை இல்லாத எண்ணிக்கை. 2022இல் லீக் முழுவதற்குமான ஆவரேஜ் 0.243. எல்லோரும் தூக்கி அடிக்கிறார்கள், எல்லோரும் தவறவிடுகிறார்கள். லாவ் தன் புத்தகத்துக்குப் பெயராக வைத்த அந்த 0.300ஐ இன்று லீக்கில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கே ஆட்கள் எடுக்கிறார்கள், அது எடுக்க வேண்டிய எண்தானா என்பதே இப்போது விவாதம்.

கோட்பாட்டில் வில்லியம்ஸ் வென்றார். ஆனால் அவரும் கற்றுத்தரப் போனவர்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1969இல் வாஷிங்டன் செனட்டர்ஸின் மேனேஜரானார். முந்தைய வருடம் 65 ஆட்டம் ஜெயித்த அணி அவர் கையில் 86 ஜெயித்தது. அது பெரிய காரியம். பிறகு சரிந்தது. அணி டெக்சாஸுக்கு இடம்பெயர்ந்த 1972இல் 100 தோல்வி, அணியின் ஆவரேஜ் 0.217. அடிப்பதைப் பற்றி எல்லாம் அறிந்தவரின் அணி அது. தனக்குத் தெரிந்தது பக்கத்திலிருப்பவனுக்கு ஏன் தெரியவில்லை என்ற திகைப்பும் எரிச்சலும் அவர் புத்தகத்தின் வரிகளுக்கிடையிலேயே இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தபோது அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

1980இல் இன்னொன்றும் நடந்தது. ராயல்ஸிலேயே இருந்த பிரெட், வில்லியம்ஸுக்குப் பிறகு அதுவரை யாரும் வராத அளவுக்கு நானூறை நெருங்கினார், கடைசியில் 0.390. கற்றுக்கொடுத்தவர் அப்போது எதிரணியின் கோச். அக்டோபர் 10, யாங்கீ ஸ்டேடியம், லீக் இறுதியின் மூன்றாவது ஆட்டம். யாங்கீஸின் அதிவேக பிட்சர் கூஸ் காசேஜ் எறிந்த பந்தை பிரெட் வலப்பக்க மேல்மாடத்துக்கு அனுப்பினார். மூன்று ரன், யாங்கீஸின் பருவம் அத்தோடு முடிந்தது. அந்த அடி தாழ்வாகவும் இல்லை, மைதானத்தைப் பரப்பியும் இல்லை, இழுத்துத் தூக்கி அடித்தது. லாவின் விதிகளில் அதற்கு இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதை அடித்த பையன் ஆறு வருடத்துக்கு முன்னால் 0.200இல் தள்ளாடியவன் என்பது மட்டும் தெரியும்.

1982இல் லாவ் சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாறினார். 1983இல் அந்த அணி 99 ஆட்டம் ஜெயித்தது. அதே வருடம் நீல் சைமன் எழுதிய ‘மேக்ஸ் டுகன் ரிடர்ன்ஸ்’ படத்தில் சார்லி லாவாகவே நடித்தார். பணத்தோடு திரும்பி வரும் தாத்தா, பந்தடிக்கத் தெரியாத பேரனுக்குச் சொல்லித்தர அவரை வரவழைக்கிறார். ஒரு கோச்சின் பெயரைச் சொன்னால் சினிமா பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்ற நிலை வந்துவிட்டது. அதற்குள் உடம்பைப் புற்றுநோய் பிடித்துவிட்டது. 1984 மார்ச்சில் இறந்தார், வயது 50. ‘தி வின்னிங் ஹிட்டர்’ என்ற இரண்டாவது புத்தகம் அந்த வருடம் வந்தது. 1999இல் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் பிரெட்டுக்குப் பலகை வைத்தார்கள். லாவுக்கு அங்கே பலகை இல்லை.

அவர் மகன் சார்லி லாவ் ஜூனியரும் பயிற்சியாளர், அவரும் புத்தகம் எழுதினார், 2000இல். ‘லாவ்ஸ் லாஸ் ஆன் ஹிட்டிங்’ என்று தலைப்பு; துணைத்தலைப்பில் அடுத்த தலைமுறைக்கு 0.400 எடுக்கும் கலை என்கிறார்கள். அப்பா கலை என்று அடக்கமாகச் சொன்னதைச் சட்டமாக்கியதும், முந்நூறை நானூறாக ஏற்றியதும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முந்நூறு என்று தலைப்பு வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது. மேதையாக்குகிறேன் என்று லாவ் சொல்லவில்லை. பத்தில் இரண்டரை அடிக்கிறவனை மூன்று அடிக்கவைக்கப் பார்க்கிறேன், வா என்றார். தன்னைப் போன்ற 0.255 ஆட்களுக்காக எழுதினார்.

இரண்டு புத்தகங்களும் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. வாசிப்பதானால் லாவை முதலில் வாசியுங்கள், எழுந்து நின்று, கையில் ஒரு குடையையாவது பிடித்துக்கொண்டு, படத்தில் இருக்கிறபடி காலை வைத்துப் பார்த்தபடியே. வில்லியம்ஸை அதற்குப் பிறகு உட்கார்ந்து வாசிக்கலாம்.